ஒரே சாவியில் இரண்டு பேர்

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, மூன்று பேரைக் காணவில்லை என்று கண்டுபிடித்தேன்.

காணாமல் போனது கணினியில். எங்கள் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் இலவச மருத்துவம் பார்க்கும். வருகிறவர்களின் பெயர், நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பதிகிற செயலியை எழுதியவள் நான். வேலை ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில், இது சேவை. சேவை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. சங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதுவதற்காக அன்று விடுப்பு எடுத்திருந்தேன்.

எங்கள் மருத்துவ நாளுக்குத் தூண் ஓய்வுபெற்ற ஒரு தாதி. எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கணினி வந்த பிறகும் அவர் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. வாசலில் எடை பார்க்கும்போதே, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரிசை எண் போட்டு எழுதிக்கொள்வார். நான் அதைக் கிண்டல் செய்யாத ஞாயிறு இல்லை. "மிஸ்ஸி, இன்னும் நோட்டுதானா? கம்ப்யூட்டருக்குக் கோவம் வரப்போகுது" என்பேன். "வரட்டும்லா" என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

அறிக்கைக்காக அந்த நோட்டை முதல்முறையாக வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மிஸ்ஸி போட்டிருந்த கடைசி எண் இருநூற்றுப் பதினான்கு. என் அட்டவணையில் இருநூற்றுப் பதினொரு வரிசைகள்தான் இருந்தன.

முதலில் எரிச்சல்தான் வந்தது. மிஸ்ஸி எங்கேயோ தப்பாக எண்ணியிருக்கிறார் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக விரல் வைத்து எண்ணினேன். அவர் தப்பாக எண்ணவில்லை. ஒரு வரிசை எப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு வழி வெட்டி வைத்தவளே நான்தான்.

அந்த வழியைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. வலைச் செயலிகள் எழுத ஆயத்தமான சட்டகங்கள் இருக்கின்றன. இன்னின்ன விவரம் வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால், தகவல் தளத்தில் அட்டவணையை அதுவே அமைத்துவிடும். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் வேறெந்த வரிசைக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். அதை முதன்மைச் சாவி என்போம். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் சட்டகமே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை உண்டாக்கிக்கொண்டு போகும். யாரையும் எதுவும் கேட்காது. வந்தவருக்கு ஓர் எண், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் சொல்லாமல் விடவில்லை. அடையாள அட்டை எண்தான் சாவி என்று என் கையால் எழுதினேன். இந்த நாட்டில் ஒருவருக்கு ஓர் ஐசி, பன்னிரண்டு இலக்கம், பிறந்த தேதியும் மாநிலமும் அதிலேயே அடக்கம். இருவருக்கு ஒரே எண் வர வழியே இல்லை. இதைவிட நல்ல சாவி உலகத்தில் உண்டா என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் ஒவ்வொருவருடைய பிறப்புப் பத்திரமும் மூன்று மூன்று நகலோடு இருக்கும். பத்திரம் இல்லாத மனிதரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பேன், அவர்கள் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செயலியைக் காட்டிய முதல் நாளே மிஸ்ஸி கேட்டார். "ஐசி இல்லாதவங்க வந்தா என்னா செய்வீங்க?"

"இந்தக் காலத்துல ஐசி இல்லாம யாரு மிஸ்ஸி இருக்கா? எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

அந்த என் குரலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நாமே சாவியைக் கொடுத்துச் 'சேமி' என்று சொன்னால், அந்தச் சாவியில் ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தாலும் சட்டகம் கத்தாது, முறைக்காது. பழைய ஆளைத்தான் திருத்துகிறோம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இருந்ததை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிவிடும். தடுக்க வழி உண்டு. அதை நான் போடவில்லை. தேவைப்படாது என்று நினைத்தேன்.

ஆக, மூன்று பேர் மேல் வேறு யாரோ எழுதப்பட்டிருக்கிறார்கள். நோட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடினேன். இரண்டு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். ஒரே ஆளை இரண்டு முறை புதியவராகப் பதிந்திருந்தார்கள். விவரம் எல்லாம் ஒன்றே. யாருக்கும் கெடுதல் இல்லை. மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது.

மூன்றாவது, மார்ச் மாதப் பக்கத்தில் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர், ஐசி எண், எடை நாற்பத்தொரு கிலோ. ஏப்ரல் மாதப் பக்கத்தில் அதே பெயர், அதே ஐசி எண், எடை எழுபத்து மூன்று கிலோ. அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். எவ்வளவு தின்றாலும் ஒரு மாதத்தில் ஒருவருக்கு முப்பத்திரண்டு கிலோ ஏறாது. வந்தது இரண்டு பெண்கள். இருவரிடமும் இருந்தது ஒரே அட்டை.

மார்ச் மாதப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் மிஸ்ஸி சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். பென்சிலின் ஆகாது. சிறுவயதில் ஊசி போட்டு உயிர் போய் வந்தது.

என் அட்டவணையில், அந்த ஐசி எண்ணுக்கு நேராக, ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அது ஏப்ரலில் வந்த கனமான பெண்ணின் பதில்.

கடைசிப் பதிவைத் திறந்தேன். முந்தின நாள், ஞாயிறு. அதே ஐசி. காலில் செம்பனை முள் குத்திப் புண், சீழ். எடை நாற்பத்திரண்டு. கொடுத்த மருந்து அமோக்சிசிலின், ஒரு நாளைக்கு மூன்று வேளை.

எனக்கு மருத்துவம் தெரியாது. மிஸ்ஸிக்குப் போன் அடித்தேன். "மிஸ்ஸி, அமோக்சிசிலினும் பென்சிலினும் ஒண்ணா?"

"ஒரே குடும்பம்தான். ஏன்?"

சொன்னேன். "வந்து என்னைய ஏத்திக்கிங்க. வேகமா வாங்க" என்றார்.

பதிவில் இருந்த எண்ணுக்கு ஆறேழு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அது அட்டைக்குச் சொந்தக்காரியான ஏப்ரல் மாதப் பெண்ணுடைய போன் என்பதும், வேலை நேரத்தில் தொழிற்சாலைப் பூட்டுப் பெட்டியில் கிடக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பதிவில் இருந்த முகவரியும் அவருடையது. நோட்டில் மட்டும் மிஸ்ஸி வேறு மாதிரி எழுதியிருந்தார். மெர்போக், செம்பனைத் தோட்டம், அம்மன் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. எங்கிருந்து வருகிறாய், எதில் வந்தாய் என்று அவர் எல்லோரையும் கேட்பார். வேண்டாத விசாரணை என்று அதையும் நான் கிண்டல் செய்ததுண்டு.

மெர்போக்குக்கு அரை மணி நேரம். நான் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஒருத்தி இந்நேரம் தரையில் கிடக்கிறாள், நான் எழுதிய ஒரு வரியால் கிடக்கிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை. அழுகை வந்தது. அழுதால் ரோடு தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

"டாக்டர் கேட்கலையா மிஸ்ஸி? மருந்து எதாச்சும் ஒத்துக்காதான்னு கேட்காமயா குடுத்தாரு?"

"கேட்டாருலா. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் மிஸ்ஸி. "ஸ்கிரீனப் பார்த்துக்கிட்டே, உங்களுக்குச் சக்கர இருக்குதானன்னாரு. ஆமான்னுச்சு. மருந்து அலர்ஜி ஒண்ணும் இல்லதானன்னாரு. ஆமான்னுச்சு. கூட்டம் வேற. எனக்கு மூஞ்சி ஞாபகம் வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொருத்தியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் வேறென்ன சொல்வாள்? திரை சொல்வதற்கு மாறாக ஒரு வார்த்தை பேசினாலும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அதனால் எல்லாவற்றுக்கும் ஆமாம். தனக்கு இல்லாத நோய்க்கும் ஆமாம், தன்னைக் கொல்லக்கூடிய மருந்துக்கும் ஆமாம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு மளிகைக் கடையில் நிறுத்திக் கோயிலுக்கு வழி கேட்டேன். கோயிலைச் சொன்னார் கடைக்காரர். பின்னால் மூன்றாவது வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"நீங்க எந்த ஆபீஸு?"

"ஆபீஸ் இல்லண்ணே. கிளினிக். அவங்களுக்கு மருந்து மாறிப் போச்சு."

"அங்க யாரும் இல்ல மிஸ். பூட்டிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காரில் வந்து இறங்கி, கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஆளைத் தேடும் இரண்டு பெண்களை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வீடு பூட்டிக் கிடக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே வானொலி ஓடியது. நாங்கள் தட்டியதும் வானொலி நின்றது. அந்தச் சத்தம் நின்ற விதத்திலேயே, உள்ளே இருப்பவள் எங்களைவிடப் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மிஸ்ஸி ஜன்னல் பக்கம் போய், "அம்மா, நான்தான், கிளினிக்ல எடை பார்ப்பேன்ல, அந்த மிஸ்ஸி" என்றார். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். ஒல்லியாக, காலில் வெள்ளைத் துணிக் கட்டோடு. உயிரோடு நின்றாள்.

"நேத்து கிளினிக் வந்தது நீங்கதான?" என்று கேட்டேன்.

"இல்ல. அது எங்கக்கா."

"கால்ல புண்ணுக்கு மருந்து வாங்கினீங்க."

"நான் இல்ல மிஸ். அக்காதான் போனாங்க. அக்கா ஐசிதான அது." காலில் கட்டைப் போட்டுக்கொண்டு, நேராக என் முகத்தைப் பார்த்து, தான் தான் இல்லை என்று சொன்னாள். அவ்வளவு தூரம் பழகிப் போயிருந்தது.

நான் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. "அந்த மாத்திரைய நீங்க போட்டா செத்துப் போயிருவீங்க, தெரியுமா?" என்றேன். அவள் கதவை மூடப் பார்த்தாள். மிஸ்ஸி கதவிடுக்கில் தன் செருப்புக் காலை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே, "நீங்க சும்மா இருங்க" என்றார்.

பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார். "சரி, அது ஒங்கக்காதான். அக்கா மாத்திரை போட்டாச்சா?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்பதான். சோறு தின்னுட்டு ஒண்ணு. நேத்து அசதில மறந்துட்டேன்" என்றாள். தான் என்ன சொன்னோம் என்பதை அவளே கவனிக்கவில்லை. பேசும்போதே கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். அங்கே தடிப்புத் தடிப்பாகச் சிவந்து, காதுவரை ஏறியிருந்தது.

"ஊசிதான எனக்கு ஆகாது. மாத்திரை வேறதானன்னு நெனச்சேன்" என்றாள்.

மிஸ்ஸி அவள் தாடையைப் பிடித்து, "வாயத் தொற" என்றார். பார்த்தார். "காடில ஏறும்மா. ஒடனே" என்று என் காரைக் காட்டினார்.

அவள் ஏறமாட்டேன் என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஐசி கேட்பார்கள், கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தடித்துக்கொண்டே போனது. உதடு வீங்க ஆரம்பித்திருந்தது. கடைசியில் மிஸ்ஸி அவளைத் தோளோடு அணைத்து, ஏறக்குறைய தூக்கித்தான் பின் இருக்கையில் போட்டார். அவள் கையில் ஒரு சின்னப் பர்ஸ். அதற்குள் அக்காவின் ஐசி, முந்தின நாள் கொண்டுபோனது, திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே இருந்தது.

திரும்பும் வழி முழுக்க மிஸ்ஸி அவளைப் பேச வைத்துக்கொண்டே வந்தார். பேச்சு நின்றால் எனக்கும் மூச்சு நின்றது. அப்படித்தான் விவரம் தெரிந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இவள் தோட்டத்து வீட்டிலேயே பிறந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதிவுத் திருமணம் இல்லை. யாரும் போய்ப் பிறப்பைப் பதியவில்லை. வளர்ந்த பிறகு பதியப் போனபோது அதற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. விண்ணப்பித்தார்கள், மறுபடி விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை. காய்ச்சல், பல்வலி, பிரசவம் எல்லாவற்றுக்கும் அக்காவின் அட்டைதான். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாடை மிஸ்ஸி" என்றாள். அந்த நேரத்திலும் அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அவசரப் பிரிவின் முகப்பில் இருந்த பெண் கையை நீட்டினார். அவள் அக்காவின் அட்டையை எடுத்து வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மிஸ்ஸி சக்கர நாற்காலி எடுக்கப் போயிருந்தார். முகப்புப் பெண் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்து, திரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார். "கென்சிங் மானிஸ், யா?" சர்க்கரை நோய்தானே?

அவள் தலையை ஆட்டினாள்.

மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, இல்லைதானே என்று அடுத்த கேள்வி. வீங்கிய வாயோடு, அவள் அதற்கும் தலையை ஆட்டினாள்.

எனக்குள் இரண்டு பயம் முட்டிக்கொண்டன. வாயைத் திறந்தால் அவளை மாட்டிவிட்டவள் ஆவேன். திறக்காவிட்டால், உள்ளே மறுபடியும் வேறொருத்தியின் உடம்புக்கு மருந்து கொடுப்பார்கள். கால் புண்ணுக்கு மறுபடியும் அதே மாத்திரை எழுதுவார்கள். இந்த முறை நான் எழுதாத ஒரு கணினி, நான் எழுதியது போலவே நடந்துகொள்ளும். யோசித்ததாகச் சொன்னால் பொய். சத்தமாகவே சொன்னேன். "அது இவங்க ஐசி இல்லை. அக்காவோடது. இவங்களுக்கு ஐசி கிடையாது. பென்சிலின் ஆகாது, மாத்திரை போட்டிருக்காங்க."

மலாயில் சொன்னேன். முகப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இந்தப் பெண் இப்படி நடுக்கூடத்தில் போட்டுவிட்டாளே என்ற திகைப்பு மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வந்து அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, எந்தத் தாளும் கேட்காமல், மிஸ்ஸி கொண்டுவந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

பிழைத்துக்கொண்டாள். சாயந்தரம்வரை வைத்திருந்து பார்த்தார்கள். தொழிற்சாலைக்குத் தகவல் சொல்லி அக்காவை வரவழைத்தோம். எழுபத்து மூன்று கிலோ அக்கா, சீருடையோடு ஓடி வந்தார். அவரை ஓர் அறைக்குக் கூப்பிட்டு நிறையக் கேள்வி கேட்டார்கள். இன்னொரு முறை அட்டையைக் கொடுத்தால் விஷயம் வேறு மாதிரி போகும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அங்கே யாரும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா வெளியே வந்தபோது நடை தள்ளாடியது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே செயலியைப் பிரித்துப் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் முதன்மைச் சாவியை மாற்றுவது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு வருகைப் பதிவும், ஒவ்வொரு மருந்துச் சீட்டும் பழைய சாவியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புதியதில் கட்ட வேண்டும். ஒன்று தவறினால் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வேலையைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வேன். இப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பயந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றும் நினைக்கிறேன்.

இப்போது சாவியைச் செயலியே உண்டாக்குகிறது. ஒன்று, இரண்டு என்ற ஓடும் எண்ணை வைக்கவில்லை. அப்படி வைத்தால் இணைய முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எழுத்தும் இலக்கமும் கலந்து, முப்பத்தாறு இடம் நீளும், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு சரம். ஆள் வந்து நின்றதும் அது தானாகப் பிறக்கும். சங்கத் தலைவர் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, லாரி எஞ்சின் நம்பர் மாதிரி இருக்கு" என்றார். ஐசி எண் இப்போது ஒரு சாதாரண விவரம். காலியாகவும் விடலாம். புதியவரைப் பதிவதும் பழையவரைத் திருத்துவதும் வேறு வேறு பொத்தான். மிஸ்ஸி இன்னும் நோட்டில் எழுதுகிறார். நான் கிண்டல் செய்வதில்லை.

தங்கைக்கும் ஒரு வரிசை போட்டேன். நோட்டைப் பார்த்து நானே பதிந்தேன். பெயர் தெரியாது, அவளுடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. பெயர் என்ற இடத்தில் 'தங்கை' என்று போட்டேன். ஐசி காலி. பென்சிலின் சிவப்பில். அவள் வந்தால் இதைத் திருப்பிக் காட்டி, பாருங்கள், இது நீங்கள்தான், யார் அட்டையும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

ஜூன் ஞாயிறு வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. புண் ஆறியதா, இப்போது காய்ச்சல் வந்தால் எங்கே போகிறாள், யாரிடம் என்ன மாத்திரை வாங்கி விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். மிஸ்ஸி ஒரு முறை மெர்போக் போய்ப் பார்த்தார். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஆகஸ்டில் அக்கா வந்தார். சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தவர். வரிசையில் நின்று என் மேசைக்கு வந்ததும் அட்டையை நீட்டினார். நான் குரலைத் தணித்து, "தங்கச்சி எப்படி இருக்காங்க? அவங்கள வரச் சொல்லுங்க. இப்ப ஐசியே கேக்க மாட்டோம்" என்றேன். சொல்லும்போதே திரையைத் திருப்பி அந்த வரிசையைக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. "எனக்குத் தங்கச்சி யாரும் இல்ல மிஸ்" என்றார்.

மருந்துச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மேசைமேல் குனிந்தார்.

"அன்னிக்கு அந்த மருந்துப் பேரு சொன்னீங்கள்ல. அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. எந்த டாக்டரும் பார்த்தாப் புரியற மாதிரி மலாய்ல எழுதுங்க."

நான் தாளை எடுத்தேன். பென்சிலின் ஆகாது, அந்தக் குடும்பத்து மாத்திரைகளும் ஆகாது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மேலே கொஞ்சம் இடம் விட்டிருந்தேன்.

"பேரு என்னான்னு போடட்டும்?"

"பேரு வேணாம் மிஸ்" என்றார். தாளை என் கைக்கடியிலிருந்து மெதுவாக இழுத்து, நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.